கருணைக்கும் கணக்கு உண்டு



சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இடத் துணிந்த செய்தி புறநானூற்றில் வருகிறது. களிறு வந்து நிற்கிறது, ஊர் கூடியிருக்கிறது, நடக்கப்போவது இன்னதென்று அறியாத பச்சிளம் பிள்ளைகள் நடுவே நிற்கிறார்கள். அவ்வேளையில் கோவூர் கிழார் என்னும் புலவர் அரசன் முன் சென்று, அவன் பிறந்த குடியின் அருட்பெருமையை நினைவூட்டிப் பிள்ளைகளின் உயிரை மீட்டார். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கருணை மனுக்களுள் ஒன்று என்று அதனைக் கூறலாம்.

புலவர் வென்றார், ஆதலின் நாம் மகிழ்கிறோம். அரசன் செவிசாய்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புலவர் வருந்தித் திரும்பியிருப்பார். ‘ஏன் மறுத்தாய்?’ என்று மன்னனைக் கேட்கும் உரிமை பெற்ற அவை ஒன்றும் அந்நாளில் இல்லை. மாறாக, கொடியவன் ஒருவனை வேண்டியவன் என்பதற்காக அரசன் விடுவித்திருந்தாலும் கேட்பார் இல்லை. முடியாட்சியில் கருணை அரசனின் சொந்தச் சொத்து.

குடியாட்சியில் அஃது யாருடைய சொத்து? நாட்டின் தலைவர் ஒருவருக்கு மன்னிப்பு அளிக்கும்போதும், மறுக்கும்போதும், விடை கூறாமலே இருக்கும்போதும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற மன்றத்திற்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டுமா? இன்று இந்த வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம். இதற்குரிய பெரிய எடுத்துக்காட்டு நம் திருப்பத்தூர் மாவட்டத்து ஜோலார்பேட்டையிலேயே இருக்கிறது. அதற்கு வருமுன் அடிப்படைகளைத் தெரிந்துகொள்வது நலம்.

நீதிமன்றம் இருக்கும்போது மன்னிப்பு அதிகாரம் எதற்கு என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். நீதிபதி சாட்சியத்தையும் சட்டத்தையும் பார்க்கிறார். சாட்சியம் பின்னாளில் பொய்யென வெளிப்படலாம், குற்றவாளி நோயாளியாகலாம், சிறையில் அவன் முழுதும் திருந்தலாம். இறுதித் தீர்ப்பு வந்த பின் இவற்றைக் கருதுவதற்கு ஒரு வாயில் வேண்டும். வள்ளுவர் கொடியோரை ஒறுப்பதைப் பயிர் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பிட்டது செங்கோன்மை அதிகாரத்தில். அடுத்த சில அதிகாரங்களிலேயே கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை அமைத்து, கடமை கெடாமல் இரங்கும் ஆற்றலைப் போற்றுகிறார். அரசியலில் இவ்விரண்டும் வேண்டும் என்பதே அவ்வைப்புமுறை நமக்கு உணர்த்துவது.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவு இவ்வதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் பிரிவு மாநில ஆளுநருக்கும் அளிக்கின்றன. இதில் ஐந்து வகை உண்டு. குற்றத்தையும் தண்டனையையும் ஒருங்கே நீக்குவது மன்னிப்பு. தண்டனை நிறைவேறுவதைச் சிறிது காலம் தள்ளிவைப்பது ஒத்திவைப்பு. உடல்நிலை முதலிய காரணம் கருதிக் கடுமையைத் தணிப்பது தணிப்பு. பத்தாண்டுச் சிறையை ஐந்தாண்டாகச் சுருக்குவது குறைப்பு. தூக்கை ஆயுள் சிறையாக மாற்றுவது போல் தண்டனையின் வகையையே மாற்றுவது மாற்றம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இவ்வைந்தையும் ஒன்றோடொன்று மயங்காமல் நினைவிற் கொள்க.

இனி, இவ்வதிகாரத்தின்மீது மக்கள் மன்றம் கைவைத்த கதைக்கு இங்கிலாந்து செல்வோம். இரண்டாம் சார்லஸ் மன்னனின் தலைமை அமைச்சராக விளங்கியவர் டான்பி பிரபு. 1678ஆம் ஆண்டில் காமன்ஸ் சபை அவர்மீது பெருங்குற்றச்சாட்டுக் கொண்டுவந்தது. மன்னனோ தன் அமைச்சரைக் காக்க முத்திரையிட்ட மன்னிப்பு ஒன்றை 1679இல் அளித்துவிட்டான். சபை கொதித்தெழுந்தது. அமைச்சர் குற்றம் செய்ய மன்னன் மன்னித்துவிடுவான் என்றால் மன்றம் எதற்கு என்று உறுப்பினர் கேட்டனர். மன்னிப்புக் கையில் இருந்தும் டான்பி ஐந்தாண்டுக் காலம் லண்டன் கோட்டைச் சிறையில் இருக்க நேர்ந்தது. இறுதியில் 1701ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், காமன்ஸ் சபை தொடுக்கும் குற்றச்சாட்டுக்கு அரச மன்னிப்பைத் தடையாகக் காட்ட இயலாது என்று விதித்தது. கருணையைச் சபை தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். அக்கருணை சபையின் கேள்விக்கே பூட்டுப் போடும் இடத்தில் மட்டும் எல்லை கட்டியது.

அமெரிக்க அரசியலமைப்பை 1787இல் வகுத்தவர்கள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. அங்கே குடியரசுத் தலைவரின் மன்னிப்பு அதிகாரம் மிகப் பரந்தது. காங்கிரசின் பெருங்குற்றச்சாட்டுக்கு அது செல்லாது. 1974 செப்டம்பர் 8ஆம் நாள் தலைவர் ஃபோர்டு, தமக்கு முன் பதவி துறந்த நிக்சனுக்கு முழு மன்னிப்பு அளித்தார். பேரம் நடந்ததோ என்று நாடு ஐயுற்றது. காங்கிரசால் அம்மன்னிப்பை நீக்க முடியாது. ஆயினும் அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் ஃபோர்டு தாமே பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்றின் முன் வந்தமர்ந்து, உறுப்பினர்களின் வினாக்களுக்கு விடையளித்தார். நாட்டின் தலைவரே ஒரு குழுவின் முன் அமர்ந்து தம் கருணைக்குக் காரணம் சொன்ன அரிய காட்சி அது.

நம் நாட்டு ஏற்பாடு இவ்விரண்டினும் வேறானது. அரசியல் நிர்ணய சபை 1948 டிசம்பரில் இப்பொருளை ஆராய்ந்தபோது, தூக்குத் தண்டனையில் தலையிடும் உரிமை மாநிலங்களுக்கும் இருக்க வேண்டுமா, குடியரசுத் தலைவரிடம் மட்டும் இருந்தாற் போதுமா என்ற வினா எழுந்தது. டாக்டர் அம்பேத்கர் விளக்கம் அளித்தபின் இருவருக்கும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஆனால் நம் குடியரசுத் தலைவர் அமெரிக்கத் தலைவரைப் போலத் தனித்து முடிவு செய்பவர் அல்லர். அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். மன்னிப்பு வழங்குவதிலும் அப்படியே என்பதை உச்ச நீதிமன்றம் 1980இல் மாரு ராம் வழக்கில் ஐயத்திற்கு இடமின்றிக் கூறியது. அமைச்சரவை 75ஆம் பிரிவின்படி மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது. மாநிலத்திலும் இதுவே முறை; ஆளுநர் அமைச்சரவையைக் கேட்க வேண்டும்; அமைச்சரவை சட்டமன்றத்திற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, கைதியின் விண்ணப்பத்திலிருந்து சட்டமன்றம் வரை ஒரு சங்கிலி இருக்கிறது. கைதி தலைவரிடம் கேட்கிறான். தலைவர் அமைச்சரைக் கேட்கிறார். அமைச்சரைச் சபை கேட்கிறது. சபையில் வாக்களித்து அனுப்பியவர்கள் நாம். எழுத்தில் இது மிக அழகிய சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் நடைமுறையில் எவ்வளவு பளுத் தாங்கியது என்பதை இனிப் பார்ப்போம்.

1991 மே 21ஆம் நாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டு முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் உயிரைக் குடித்தது. அவருடன் காவலர்களும் கட்சித் தொண்டர்களும் பலர் மாண்டனர். அந்தக் குடும்பங்களின் துயரை மறந்துவிட்டு இவ்வரலாற்றைப் பேசுவது முறையன்று. சில நாட்களில், ஜூன் மாதம், ஜோலார்பேட்டையைச் சேர்ந்த 19 வயது இளைஞர் பேரறிவாளன் கைது செய்யப்பட்டார். குண்டுக்குப் பயன்பட்ட 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதிருந்த முக்கியக் குற்றச்சாட்டு.

1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கி, நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் என்போர் அந்நால்வர். நீதிமன்றத்தின் வாயில் அடைபட்டது. கருணையின் வாயிலுக்கு அவர்கள் சென்றனர்.

அங்கே முதலில் நிகழ்ந்தது நமக்கு நல்ல பாடம். 1999 அக்டோபரில் ஆளுநர் ஃபாத்திமா பீவி நால்வர் மனுக்களையும் தள்ளினார். அமைச்சரவையைக் கேளாமல் எடுத்த முடிவு என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் நவம்பரில் அதனைச் செல்லாதென்றது. பின்பு 2000 ஏப்ரலில் அமைச்சரவையின் பரிந்துரைப்படி நளினியின் தூக்கு மட்டும் ஆயுள் தண்டனையாயிற்று. ஏனைய மூவர் மனுக்கள் மறுக்கப்பட்டன. கேட்டவர் இன்னார், அறிவுரை சொன்னவர் இன்னார், முடிவு இன்னது என்று நாட்டுக்குத் தெரிந்தது. உடன்படுவோர் உடன்படலாம், குறை கூறுவோர் கூறலாம். முடிவு எடுத்த அமைச்சரவை மக்கள் முன் நின்றது.

மூவரின் மனுக்கள் அதன்பின் தில்லிக்குச் சென்றன. அங்கே அவை 11 ஆண்டுகள் கிடந்தன. உள்துறை அமைச்சகத்தில் மட்டும் 5 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. நாராயணன், அப்துல் கலாம், பிரதீபா பாட்டீல் என மூன்று குடியரசுத் தலைவர்களின் காலத்தை அம்மனுக்கள் கண்டன. நாடாண்ட கட்சிகளும் மாறின. வேலூர் மத்திய சிறையில் மூவரும் ஒவ்வொரு நாளும் விடியலில் தூக்குக்கு அழைப்பு வருமோ என்று காத்திருந்தனர். மறுபுறம், ஸ்ரீபெரும்புதூரில் உறவினரை இழந்தோரும் அரசின் முடிவு யாதென அறியாமல் காத்திருந்தனர்.

இங்கே நம் வினா எழுகிறது. 11 ஆண்டுகளில் பாராளுமன்றம் எத்தனையோ முறை கூடியது. கருணை மனுக்கள் எத்தனை நிலுவையில் உள்ளன என்று உறுப்பினர் கேட்பதும் உள்துறை எண்ணிக்கை தருவதும் வழக்கம். எண்ணிக்கை கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. ஒரு கோப்பு ஐந்தாண்டுகள் ஏன் அசையவில்லை என்பதற்கு விடை சொல்லும் கட்டாயம் எவருக்கும் ஏற்படவில்லை. மறுத்தால் மறுப்பு என்று ஓர் ஆணையாவது பிறக்கும், அதனை விவாதிக்கலாம். மௌனத்திற்கு ஆணையும் இல்லை, தேதியும் இல்லை, கையொப்பமும் இல்லை. ஆதலின் அது கணக்கிலிருந்து எளிதாகத் தப்பிவிடுகிறது.

2011 ஆகஸ்டில் மனுக்கள் மறுக்கப்பட்டன. செப்டம்பர் 9 தூக்கு நாள் எனக் குறிக்கப்பட்டது. தமிழகம் கொந்தளித்தது. ஆகஸ்ட் 30ஆம் நாள் இரு நிகழ்ச்சிகள் ஒரே காலையில் நடந்தன. சென்னை உயர் நீதிமன்றம் தூக்கை நிறுத்திவைத்தது. சட்டப்பேரவையில் முதலமைச்சர் ஜெயலலிதா தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார்; மூவரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைக்கக் குடியரசுத் தலைவர் மீண்டும் ஆராய வேண்டும் என்று கேட்ட அத்தீர்மானத்தைப் பேரவை ஒருமனதாக ஏற்றது.

இத்தீர்மானத்தின் தன்மையை நீங்கள் நன்கு எடைபோட வேண்டும். சட்டத்தின் கண்ணில் அதற்குக் கட்டாய வலிமை இல்லை. கோவூர் கிழார் சோழனிடம் சென்றது போலப் பேரவை தில்லியிடம் விண்ணப்பித்தது, அவ்வளவே. ஆயினும் ஒரு மாநிலத்து மக்களின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி இரக்கம் வேண்டியது சிறு செய்தியும் அன்று. அடுத்த மாதமே ஜம்மு காஷ்மீர் சட்டப்பேரவையில் அப்சல் குருவுக்காக உறுப்பினர் ஒருவர் இத்தகைய தீர்மானம் கொணர்ந்தார். சபை அமளியில் மூழ்க, அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2013 பிப்ரவரியில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் கைதிக்கு அவையில் ஆதரவு இருந்தது. மற்றோரிடத்தில் அவையால் பேசவே முடியவில்லை. உயிர் போவதும் நிற்பதும் சபையின் பெரும்பான்மையைப் பொறுத்ததாகிவிட்டால், ஆதரவு திரட்ட வல்லவன் பிழைப்பான், நாதியற்றவன் மடிவான். எனவேதான் மன்னிக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமே கொடுத்துவிடலாம் என்னும் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தனி மனிதன் ஒருவனின் கதியைக் கைதூக்கி முடிவு செய்யும் பணி சட்டம் இயற்றும் மன்றத்திற்குப் பொருந்தாது.

கதையைத் தொடர்வோம். 2014 பிப்ரவரி 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மிகுந்த காலதாமதத்தைக் காரணம் காட்டி மூவரின் தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றியது. அடுத்த நாளே முதலமைச்சர், வழக்கில் சிறையிலிருந்த எழுவரையும் விடுவிக்கும் முடிவைப் பேரவையில் அறிவித்து, மத்திய அரசு மூன்று நாட்களில் கருத்துக் கூற வேண்டும் என்றார். அதற்கடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த வழக்குகளில் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி விடுவிக்க மத்திய அரசின் இசைவு வேண்டும் என 2015 டிசம்பரில் அரசியலமைப்பு அமர்வு கூறிவிட்டது. இதற்கிடையில், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறியிருந்தார். இறுதித் தீர்ப்புக்குப் பின் தோன்றும் இத்தகைய ஐயங்களை எடைபோடுவதற்காகவே கருணையின் வாயில் அமைந்திருக்கிறது என்று முன்பு கூறினேன் அன்றோ?

மீண்டும் அவ்வாயில் தட்டப்பட்டது. 2018 செப்டம்பர் 9ஆம் நாள் தமிழக அமைச்சரவை, 161ஆம் பிரிவின்படி எழுவரையும் விடுவிக்க ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ஏற்கவும் இல்லை, திருப்பியனுப்பவும் இல்லை. இரண்டாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 2021 ஜனவரியில் அப்பரிந்துரையைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். மகனின் விடுதலைக்காக அற்புதம் அம்மாள் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கும் தில்லிக்கும் நடந்த நடை இக்காலமெல்லாம் தொடர்ந்தது.

2022 மே 18ஆம் நாள் நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும். அதனைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. விளக்கம் இல்லாத தாமதம் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டது என்று கூறி, 142ஆம் பிரிவின் தனி அதிகாரத்தைக் கொண்டு பேரறிவாளனை விடுவித்தது. 19 வயதில் சிறை சென்றவர் 50 வயதில் வெளிவந்தார். அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் ஏனைய அறுவரும் விடுதலை பெற்றனர். பலர் இனிப்பு வழங்கினர். காங்கிரஸ் கட்சியினர் வாயில் வெண்துணி கட்டி அறவழியில் எதிர்ப்புத் தெரிவித்தனர். இரு சாராரின் உணர்ச்சியும் உண்மையானது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு இக்கதை தரும் விடையையே நாடுகிறேன்.

சங்கிலியை நினைவிற் கொள்ளுங்கள். தில்லியில் 11 ஆண்டுகள், சென்னையில் இரண்டரை ஆண்டுகள் என இருமுறை அது அறுந்தது. இரு முறையும் அதனை இணைத்தது நீதிமன்றம்; சட்டமன்றம் அன்று. அமைச்சர் தாமதித்தால் சபை அவரைக் கேள்வி கேட்கலாம். ஆளுநர் தாமதித்தால்? அவரைச் சபைக்கு அழைக்க இயலாது. அவருடைய நடத்தையைப் பேசவும் அவை விதிகள் எளிதில் இடம் தருவதில்லை. குடியரசுத் தலைவரையாவது அரசியலமைப்பை மீறினால் 61ஆம் பிரிவின்படி பாராளுமன்றம் மூன்றில் இரு பங்கு உறுப்பினர் ஆதரவுடன் நீக்கலாம். ஆளுநரை நீக்க மாநிலப் பேரவைக்கு வழியே இல்லை. அமைச்சரவை தன் கடமையைச் செய்து முடித்திருந்தும், பேரவை வேடிக்கை பார்க்க நேர்ந்தது.

மறுக்கப்படும் கருணைக்கு மட்டும் கணக்கு வேண்டும் என்று எண்ண வேண்டா. வழங்கப்படும் கருணைக்கும் வேண்டும். ஆந்திர ஆளுநர் அரசியல் சார்பு கருதி ஒருவருக்கு அளித்த தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏப்புரு சுதாகர் வழக்கில் நீக்கியது. அண்டையிலுள்ள இலங்கையை நோக்குங்கள். 2000 டிசம்பரில் மிருசுவிலில் தமிழர் எண்மரைக் கொன்ற வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த படைவீரர் சுனில் ரத்நாயக்கவை ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச 2020 மார்ச்சில் மன்னித்து விடுவித்தார். மறு ஆண்டில், கொலை வழக்கொன்றில் தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்பு அளித்தார். தூக்குத் தண்டனை வழக்குகளில் விசாரித்த நீதிபதியின் அறிக்கையையும் சட்டமா அதிபரின் கருத்தையும் நீதி அமைச்சரின் பரிந்துரையையும் பெறவேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 34ஆம் பிரிவே கூறுகிறது. சில்வாவுக்கு அளித்த மன்னிப்பை இலங்கை உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லாதென்றது. மிருசுவிலில் உறவினரை இழந்த ஏழைகள் நாட்டுத் தலைவரை நோக்கி ‘ஏன் மன்னித்தீர்?’ என்று கேட்க எந்த மன்றத்திற்குச் செல்வார்கள்? அவர்களுக்காகக் கேட்க வேண்டியது அவர்கள் வாக்களித்த மன்றம்.

நம் பாராளுமன்றம் இத்துறையில் அண்மையில் ஒன்று செய்திருக்கிறது. கருணை மனுவை எவ்வழியில் எத்தனை நாளில் ஆராய்வது என்பதை நெடுங்காலம் உள்துறையின் அறிவுரைகளே வகுத்துவந்தன. 2023 டிசம்பரில் நிறைவேறி 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 472ஆம் பிரிவு, தூக்குத் தண்டனை மனுக்களுக்கு ஒழுங்கு வகுக்கிறது. மாநில அரசின் கருத்தும் ஆவணங்களும் வந்த 60 நாட்களுக்குள் மத்திய அரசு தன் பரிந்துரையைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். ஐந்தாண்டு உறங்கிய கோப்பை நினைத்தால் இது வரவேற்கத்தக்க மாற்றம்.

ஆயினும் அப்பிரிவை முழுதும் படித்துப் பாருங்கள். அது தூக்குத் தண்டனைக்கு மட்டும் உரியது. 2018இல் ஆளுநர் மாளிகையில் தங்கிய ஆயுள் கைதிகளின் பரிந்துரை போன்றவை அதில் அடங்கா. மேலும், குடியரசுத் தலைவரோ ஆளுநரோ எடுத்த முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை எந்த நீதிமன்றமும் ஆராயக் கூடாது என்றும் அது கூறுகிறது. அரசியலமைப்பு அளித்த ஆய்வுரிமையை ஒரு சாதாரணச் சட்டத்தால் நீக்க முடியுமா என்பது நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டியது. நம் கவலை வேறு. நீதிமன்றம் கேட்கக் கூடாது என்று விதித்த மன்றம், ‘அப்படியானால் நாங்கள் கேட்போம்’ என்று ஒரு வரியும் சேர்க்கவில்லை. அச்சட்டம் நிறைவேறிய வாரத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் 140 பேருக்கு மேல் இடைநீக்கம் செய்யப்பட்டு அவைகளுக்கு வெளியே இருந்தனர் என்பதும் இங்கே எண்ணத்தக்கது.

சபை என்ன செய்யலாம்? என் கருத்தில் மூன்று வழிகள் உண்டு. காலவரம்பை எல்லாக் கருணை மனுக்களுக்கும் சட்டத்தால் விரித்து, வரம்பு தாண்டினால் காரணத்தை எழுத்தில் அவையில் வைக்க அமைச்சரைக் கட்டாயப்படுத்தலாம். ஆண்டுதோறும் ஏற்ற மனுக்கள், மறுத்த மனுக்கள், எடுத்துக்கொண்ட காலம், பொதுவாகக் கொண்ட அளவுகோல் ஆகியவற்றை அறிக்கையாகப் பெற்று விவாதிக்கலாம். முடிவு எடுக்கும் முன் ஒரு கைதியின் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்யாமல், முடிவு எடுத்த பின் அதன் காரணத்தைக் கேட்பதை மரபாக்கிக் கொள்ளலாம். இம்மூன்றுக்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. கேள்வி நேரமும் நிலைக்குழுவும் சட்டம் இயற்றும் உரிமையும் அவையின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன; அவற்றை எடுத்துப் பயன்படுத்தும் உறுப்பினர் வேண்டும்.

இப்படிக் கேட்கத் தொடங்கினால், மக்களின் பழிக்கு அஞ்சி எந்த அமைச்சரும் கருணையே காட்டமாட்டார் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. கூட்டத்தின் சினத்திற்கு எதிராக நின்று இரங்குவதற்கும் துணிவு வேண்டும். ஆனால் 2000 ஏப்ரலில் நளினியின் தூக்கைக் குறைக்கப் பரிந்துரைத்த அமைச்சரவை அதனை ஒளித்துச் செய்யவில்லை. தம் காரணத்தில் நம்பிக்கை உள்ளவர் அதனைச் சொல்லத் தயங்கமாட்டார். சொல்ல முடியாத காரணத்தால் அளிக்கும் கருணையும், சொல்ல முடியாத காரணத்தால் மறுக்கும் கருணையும் குடியாட்சிக்கு ஆகாதவை.

மாணவர்களே, நீங்கள் குடிமையியல் நூலில் 72ஆம் பிரிவைப் படிக்கும்போது அதன் ஐந்து வகைகளோடு நின்றுவிடாதீர்கள். ஜோலார்பேட்டைச் சந்திப்பில் வண்டி நிற்கும்போது, அவ்வூர்த் தாய் ஒருத்தி ஒரு கையொப்பத்திற்காக எத்தனை ஆண்டுகள் இந்த வண்டிகளில் ஏறியிறங்கினாள் என்பதை எண்ணுங்கள். ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கும்போது, அங்கே மாண்டவர்களின் வீட்டாரும் அரசிடமிருந்து ஒரு தெளிவான சொல்லுக்காக அத்தனை ஆண்டுகள் காத்திருந்ததை எண்ணுங்கள். இரு திறத்தார்க்கும் உரிய நேரத்தில் காரணத்தோடு விடை சொல்லியிருக்க வேண்டியது அரசின் கடன். அவ்விடையைக் கேட்டுப் பெறுவது, நாளை நீங்கள் வாக்களித்து அனுப்பப்போகும் உறுப்பினரின் கடன். வாக்குக் கேட்டு அவர் உங்கள் தெருவுக்கு வரும்போது இதையும் ஒரு கேள்வியாக அவரிடம் கேளுங்கள்.